அப்பாவின் இரண்டு வெள்ளி நோட்டு

காப்பிக்கடையும் உணவகமும் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். என் அப்பா பட்டுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தார். வயது 71. காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு, கடையில் நின்று ஒரு டீ குடித்தால்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும்.

வந்த மூன்றாம் நாள் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பிக்கடைக்குத் தனியாகப் போனார். வரிசையில் நின்று, டீ சொல்லி, கோப்பை மேடைக்கு வந்த பிறகு இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டியிருக்கிறார். கடைக்காரப் பெண் கையை ஆட்டி, ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினாராம். அப்பாவும் ஊரில் செய்வதுபோலத் தன் போனை எடுத்து ஸ்கேன் செய்திருக்கிறார். ஏற்கவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது, டீ ஆறுகிறது. கடைசியில் அடுத்து நின்ற ஒரு தம்பி அந்தக் காசைக் கட்டிவிட்டு, அப்பா நீட்டிய நோட்டை வாங்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த அப்பா செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "ஓசி டீ குடிச்சிட்டு வந்துட்டேம்மா" என்றார். அடுத்த மூன்று நாளும் அதே நேரத்துக்கு, அந்த நோட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் போய் நின்றார். அந்தத் தம்பி வரவில்லை.

அப்பாவுக்குப் போனில் பணம் கட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் மளிகைக்கும் இளநீருக்கும் யூபிஐதான். இங்கே போனில் பணம் கட்டும் முறையான பேநவ்வுக்கு உள்ளூர்க் கணக்கு வேண்டும். ஒரு மாதம் தங்க வருபவர் அதற்கு எங்கே போவார்? 2023 பிப்ரவரியில் இரண்டையும் இணைத்தார்கள், உண்மைதான். அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப வந்த வசதி. வங்கி அட்டையும் கைகொடுக்கவில்லை. இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறக்க வேண்டும் என்பது 2020 முதல் அங்கே விதி. அப்பா அதைச் செய்யாமல் கிளம்பிவிட்டார்.

உங்கள் பாடும் எனக்குப் புரிகிறது. ஆள் பற்றாக்குறை. கடை மூடிய பிறகு உட்கார்ந்து சில்லறை எண்ண யாருக்கும் தெம்பு இருக்காது. ரொக்கம் வாங்குவதில்லை என்று முடிவெடுக்கச் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே என்றால் டீ ஆற்றுவதற்கு முன்பு. கல்லா ஓரத்தில் உள்ளங்கை அளவு ஆங்கிலத் தாளை ஒட்டினால் யார் கண்ணில் படும்? வரிசை தொடங்கும் இடத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் வையுங்கள்.

அப்புறம், முடிந்தால் ஒரு டப்பா வையுங்கள். சரியான சில்லறை வைத்திருப்பவர்களிடம் மட்டும் வாங்கினாலும் போதும். பேருந்தில் இன்றும் அப்படித்தானே? மீதி தரமாட்டார்கள், ஆனால் காசைப் போட்டால் ஏற்றிக்கொள்கிறார்கள்.

2024 ஜனவரியில், பேருந்திலும் ரயிலிலும் தட்டும் பழைய ஈஸி-லிங்க் பயண அட்டை முறையை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது நினைவிருக்கும். அட்டையைத் தட்டும்போதே மீதித் தொகை தெரிய வேண்டும் என்று பயணிகள் விடாமல் கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. அந்த முறையைத் தொடர 4 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. உங்களிடம் நான் கேட்பது ஒரு பலகையும் ஒரு டப்பாவும்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மடிப்புக் கலையாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு ஒரு பெரியவருக்காக டீக்காசு கட்டிய தம்பி உங்கள் கடைக்கு வருபவராக இருந்தால், அவரிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளில் தினமும் டீ குடிக்கும் ஒருத்தி