பெரிய ரயர் என்றால் கூடுதல் பாரம் தாங்கும் என்று நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்ததும் பரந்தன் பக்கத்து ரயர் கடைகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணை, என்ர விகோவுக்கு 33 போடலாமோ?" விகோ என்றால் டொயோட்டாவின் ஹைலக்ஸ் விகோ கெப். 33 என்றால் 33 அங்குல விட்டமுள்ள, சேற்றுக்கென்று செய்த அகலமான ரயர். கேட்கிறவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. வயல் செய்கிறவர்கள், முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றி வருகிறவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும், வரியெல்லாம் சேர்ந்து புதிய கெப் ஒன்றின் விலை அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. ஆகவே 2005க்கும் 2015க்கும் இடையில் வந்த ஹைலக்ஸையே பார்த்துப் பராமரித்து ஓட்டுகிறார்கள். அதற்குச் சில்லையாவது நல்லதாகப் போட நினைப்பது நியாயமான ஆசை. ஆனால் கடைகளில் அவர்களுக்குக் கிடைக்கிற பதில் பல வேளை சரியில்லை. ரயர் விற்றே வாழ்கிறவன் என்பதால் இதை எழுத வேண்டும் என்று பட்டது.

முதலாவது, பாரம். ரயர் பெரிதானால் கூடுதல் பாரம் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்ததாக ஓர் எண் இருக்கும், அது பாரத்துக்கான குறியீடு. அதைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மோடு வந்த விகோவுக்கு நிறுவனம் கொடுத்த 255/70R15C ரயரில் 112 என்று இருக்கும். ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். அதே 15 அங்குல அளவு ரிம்முக்கு வருகிற 33x12.50R15 ரயரில் வழக்கமாக இருப்பது 108. அது 1000 கிலோ. பின்னுக்கு இரண்டு ரயரிலும் சேர்த்து 240 கிலோ குறைந்துவிட்டது, அதாவது மூன்று நெல் மூட்டைக்கு மேலே. சற்றுச் சிறிய 31x10.50R15 கூட 109தான், 1030 கிலோ. பார்வைக்கு மலை மாதிரி நிற்கும் ரயர், நெல் ஏற்றியதும் பக்கவாட்டில் மடிந்து சூடேறுவது இதனால்தான். வெறும் பெட்டியோடு ஓடுகிற வாகனமென்றால் வேறு கதை. எங்கள் ஊரில் வெறும் பெட்டியோடு ஓடுகிற கெப் எத்தனை?

அப்புறம் உயரம். 255/70R15 ரயரின் விட்டம் ஏறத்தாழ 738 மில்லிமீற்றர், 33இன் விட்டம் 838. வாகனம் 50 மில்லிமீற்றர் உயரும், அது சேற்றில் உதவும்தான். ஆனால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் முன்பைவிட ஏறத்தாழ 14 வீதம் கூடத் தூரம் போகும். ஸ்பீடோமீற்றரில் 50 என்று பார்த்து ஊருக்குள் போகிறவர் முன்பு அதே 50இல் போனதைவிட ஆறேழு கிலோமீற்றர் வேகமாகப் போகிறார். கியரும் அதே அளவு கனத்துவிடும். ஐந்தாம் கியர் இழுக்காது. சேற்றில் பாரத்தோடு எடுக்கும்போது கிளச் தேயும். பிறேக்குக்கும் வேலை கூடும். பதினைந்து வருடம் ஓடிய பிறேக்கிடம் அதைக் கேட்கலாமா?

நான் அதிகம் பயப்படுவது ரிம்முக்குத்தான். அகலமான ரயர் உள்ளே உரசாமல் இருக்க, வெளியே தள்ளிய ரிம் போடுகிறார்கள். அல்லது சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் வைக்கிறார்கள். சில்லு வெளியே போகப் போக பெயாரிங்கில் நெம்புகிற பாரம் கூடும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பறிக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ரயர் மட்காட்டிலும், சில வாகனங்களில் பிறேக் ஹோஸிலும் உரசும். கடை வாசலில் நேராக நிற்கும்போது இது ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பின்னுக்குப் பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். இரும்பு ரிம்மைக் கழற்றி டொயோட்டாவின் அலோய் ரிம் போடுகிறவர்கள் நட்டையும் மாற்ற வேண்டும். இரும்பு ரிம்முக்கு வருவது கூம்பு நட், அந்த அலோய்க்கு வருவது தட்டை வாஷர் நட். பழைய நட்டை அப்படியே இறுக்கி அனுப்புகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

33 ரயர் ஸ்பெயார் இடத்துக்குள் அடங்காததால் பழைய சிறிய ஸ்பெயாரோடு ஓடுகிறவர்களும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலைப் பூட்டித் தார் வீதியில் ஓடினால் கியர்பெட்டிக்கு நல்லதில்லை.

சரி, எதைப் போடலாம்? அதே மொடலின் உயர் ரகத்துக்கு டொயோட்டாவே கொடுத்த அளவு 265/65R17. விட்டம் 776 மில்லிமீற்றர், எண் அதே 112. வேக வித்தியாசம் 5 வீதம்தான். கிரவல் வீதியிலும் வாய்க்கால் வரம்பிலும் ஓடுகிறவருக்கு 16 அங்குல ரிம்மில் 265/70R16 இன்னும் பொருந்தும். உயரம் ஏறத்தாழ அதுவே, பக்கவாட்டு ரப்பர் கூடுதல். கல்லில் அடிபட்டாலும் ரிம் தப்பும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் நிறுவனத்தின் பெரிய அளவைவிட விட்டத்தை 50 மில்லிமீற்றர் வரைதான் சான்றிதழ் இல்லாமல் கூட்டலாம். அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் 33 தாண்டிவிடுகிறது. மணலில் புதைகிறது என்று பெரிய ரயர் கேட்பவருக்கு நான் சொல்வது, முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள், தார் வீதி ஏறுமுன் திரும்ப அடியுங்கள்.

பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்க்க வேண்டும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது வீதியில் படுகிற பக்கத்து வெட்டு, நன்றாக இருக்கிறது என்று விற்பார்கள். பூ தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகிவிடும், பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடும்.

ரயர் விற்கிற ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டில் அளவோடு சேர்த்து அந்தப் பார எண்ணையும் செய்த வாரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதைக் கட்டாயமாக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தன் மாவட்ட அலுவலகங்களில், எந்த அளவு வரை மாற்றலாம் என்பதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த அறுவடைக்கு முன் செய்தால் நல்லது.

ரயர் கடைக்காரர்,
பரந்தன்.