ரூபாயில் கணக்குப் போடாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டுவிட்டு 'சரிப்பா' என்று போட்டுவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். சோறு வேகும் நேரத்தில் படி.

நேற்று ஜெர்மனியிலிருந்து வீடியோவில் பேசினாயே, ஒரு சாமானுக்காவது யூரோவில் விலை சொன்னாயா? காபி முந்நூறு ரூபாய், முடி வெட்ட மூவாயிரம், ஷூ எட்டாயிரம், கொத்தமல்லி ஒரு கைப்பிடி நூற்றைம்பது. அம்மா ஒவ்வொன்றுக்கும் 'அய்யோ, அய்யோ' என்று சொல்லச் சொல்ல நீயும் உற்சாகமாகி இன்னும் நாலு விலை சேர்த்துச் சொன்னாய். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வகுப்புப் பிள்ளைகள் பீட்சா சாப்பிடக் கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன் என்று நடுவில் ஒரு வரி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய் பார், அப்போதுதான் இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு உறைத்தது. அந்தத் தலைவலி என்ன, பன்னிரண்டு யூரோ இருக்குமா? நீ ஆயிரத்து இருநூறு என்று போட்டிருப்பாய்.

அப்புறம் அந்த அறை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அம்மாவின் சால்வை, தலைக்கு மஃப்ளர் என்று ஊட்டி பஸ்ஸில் கடைசி சீட்டில் இடம் கிடைத்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாய். உன் பின்னால் ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ரேடியேட்டர் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது, 1 முதல் 5 வரை எண் போட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், திருகு எந்த எண்ணிலும் இல்லை, நட்சத்திரக் குறியில் நிற்கிறது. அது குழாயில் தண்ணீர் உறைந்து போகாமல் இருப்பதற்கான அளவு கண்ணு, மனுஷர் குடியிருக்க இல்லை. மூன்றில் வைத்தால்தான் அறை ஏறக்குறைய இருபது டிகிரிக்கு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நீ இப்படி நடுங்கி மிச்சம் பிடித்தது சைபர். உன் விடுதி ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினாய் அல்லவா, அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் பக்கம் பக்கமாகப் போட்டு முழுசாகப் படித்தேன். பேங்கில் லோன் பிரிவிலேயே காலம் தள்ளியவனுக்கு அடிக்குறிப்பு வரைக்கும் படிக்காமல் தூக்கம் வராது. உன் மாத வாடகையில் ஹீட்டிங், தண்ணீர், கரண்ட், இண்டர்நெட் எல்லாம் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தில் வைத்தாலும் மூன்றில் வைத்தாலும் அதே வாடகைதான். அறையைக் குளிரவிட்டு, ஜன்னலையும் அடைத்து வைத்தால் சுவரில் பூஞ்சைதான் பிடிக்கும், அதைச் சரிசெய்கிற செலவு உன் தலையில் விழும் என்றும் அதிலேயே இருக்கிறது. காலையும் மாலையும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று விடு, பிறகு மூடிவிட்டு ஹீட்டரைப் போடு. ஜெர்மனியில் பெரும்பாலான வீடுகளில் குளிர்காலத்தில்கூட இதைத்தான் செய்கிறார்களாம்.

நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்த அன்றைக்கு நீயும் கூடவே இருந்தாய். மேனேஜர் காட்டிய இடத்திலெல்லாம் உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் மாறி மாறி விழுந்ததை எண்ணிக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும். ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் போனால் சொத்து ஈடு கேட்பது பொதுவாக அரசு வங்கிகளின் வழக்கம். அது பேங்குக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான். காடு எங்கேயும் போய்விடவில்லை, இந்த வருஷமும் சோளம் விதைத்தாயிற்று, அப்பாயி வரப்பில் நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கடன் எப்படி ஓடுகிறது என்று உனக்கு ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுகிறேன், நீயாக ராத்திரியில் கற்பனை செய்ய வேண்டாம். நீ படிக்கிற காலமும், அதற்குமேல் ஒரு வருஷமும் அசல் கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறும். அந்த வட்டியை மாதாமாதம் என் பென்ஷனிலிருந்து கட்டிவிடுகிறேன், படிப்புக் காலத்திலேயே கட்டி வந்தால் வட்டியில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. அசல் உன் வேலைச் சம்பளத்தில் தொடங்கும். இதில் நீ மென்ஸாவில், அதாவது உங்கள் யுனிவர்சிட்டி கேன்டீனில், சாப்பிடாமல் பிரெட்டும் வாழைப்பழமும் தின்று மிச்சம் பிடிக்கிற இரண்டு யூரோ எந்தக் கட்டத்திலும் வரவே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் உன் மனசில் ஓடுகிறது. அடுத்த வருஷம் விசா நீட்டிக்கப் போகும்போது மறுபடியும் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டுமே, அதற்கு இப்போதே சேர்த்து வைத்தால் அப்பாவைக் கேட்க வேண்டாமே என்று. அந்த இரண்டாம் தவணை கடனிலேயே சாங்ஷன் ஆகியிருக்கிறது. முதல் வருஷ மார்க்‌ஷீட்டும் சேர்க்கைச் சான்றும் அனுப்பினால் பேங்க் விடுவிக்கும். அதனால் நீ பார்க்க வேண்டியது மார்க்கைத்தான்.

உன் ப்ளாக்டு அக்கவுண்டில் இருந்த 11,904 யூரோ, விசாவுக்காக அந்த அரசாங்கம் கேட்ட தொகை. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 992 யூரோவுக்கு மேல் உன்னை எடுக்கவிடாமல் பூட்டி வைத்திருக்கிறார்களே, ஏன் என்று யோசித்தாயா? ஒரு மாணவர் மாதம் முழுக்க மரியாதையாகச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்தி, பஸ் ஏறி, நாலு பேரோடு பழகி வாழ இவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான். அதில் ஐந்நூறில் வாழ்ந்து காட்டினால் யாரும் கோப்பை கொடுக்கப் போவதில்லை.

சரி, எப்படித்தான் கணக்குப் போடுவது என்று கேட்பாய். அந்த ஊர் விலையை அந்த ஊர்ச் சம்பளத்தோடு வைத்துப் பார். அங்கே சட்டப்படி ஒரு மணி நேரக் கூலியே குறைந்தது பன்னிரண்டு யூரோவுக்கு மேல். மூன்று யூரோ காபி என்றால் கால் மணி நேரக் கூலி. நம்ம கரூரில் தறிப் பட்டறைக்குப் போகிறவர் கால் மணி நேரக் கூலியில் பேக்கரியில் நின்று டீ குடிக்கிறார், அவரைப் பார்த்து யாராவது ஊதாரி என்கிறோமா? ஆனால் முடி வெட்ட மூவாயிரம் என்பதில் மட்டும் நான் உன் பக்கம். ஆள் கூலி ஏறிய ஊரில் ஆள் தொடுகிற வேலை எல்லாமே விலைதான், அதை யாராவது தோழியிடம் கத்தரிக்கோல் கொடுத்துச் சமாளி.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு நிறைய இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்குகிறாயே, அதை முதலில் நிறுத்து. அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். காலி பாட்டிலை மெஷினில் போட்டு இரண்டு யூரோ திரும்ப வந்தது என்று அத்தனை சந்தோஷமாகச் சொன்னாய், அது நீ வாங்கும்போது பாட்டிலுக்கு 25 சென்ட் வீதம் முன்பணமாகக் கொடுத்த உன் காசுதான். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டிவிடுவார்கள் என்று தெரிந்தும் போன வாரம் ரயில்வே ஸ்டேஷன் கடையில் போய் அதிக விலைக்குப் பால் வாங்கினாய், அதற்குச் சனிக்கிழமை மதியமே பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். ரேடியோ டிவி கட்டணம் என்று கடிதம் வந்தால் பயந்து உடனே கட்டிவிடாதே. அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ, ஒரே ஃபிளாட்டில் இருக்கிற நீங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். சைக்கிள், மேஜை விளக்கு, குக்கர் எல்லாம் செகண்ட் ஹேண்டில் பார்.

ஆனால் ஷூவில் கை வைக்காதே. தண்ணீர் புகாத, அடி தடித்த, கணுக்கால் வரைக்கும் ஏறுகிற ஷூ ஒன்று, காற்று புகாத ஜாக்கெட் ஒன்று, இரண்டையும் இந்த மாதமே வாங்கு. நீ இருக்கிற டார்ட்மண்டில் பனியைவிட மழைதான் அதிகம் என்கிறார்கள், இங்கிருந்து கொண்டுபோன கான்வாஸ் ஷூ ஒரு நாள் நனைந்தால் மூன்று நாள் காயாது. டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்குள் பொழுது போய்விடும். அந்த இருட்டில் ஈரக் காலோடு, பசியோடு, தனியாக அறையில் உட்கார்ந்து படித்தால் என்ன ஏறும்? காய்ச்சல் என்றால் டோலோ போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. மாதம் நூறு யூரோவுக்கு மேல் இன்சூரன்ஸ் கட்டுகிறாய், கார்டைக் காட்டினால் டாக்டர் பணம் கேட்க மாட்டார்.

பீட்சாவுக்கு வருகிறேன். இங்கே உனக்கு ஒரு சந்தேகம் என்றால் கேட்க நாலு தெருவில் நாற்பது பேர் இருந்தார்கள். அங்கே எந்தப் பாடத்துக்குப் பழைய வினாத்தாள் கிடைக்கும், எந்தப் புரொபசரிடம் தீசிஸுக்குப் போகலாம், லேபில் ஸ்டூடன்ட் வேலை எப்போது காலியாகும் என்பதெல்லாம் நோட்டீஸ் போர்டில் வருவதில்லை, அந்தப் பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்தால் வரும். அடுத்த முறை கூப்பிட்டால் போ. நீயும் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு ஒரு தக்காளிச் சாதம் செய்து போடு. (தாளிக்கும்போது மட்டும் கிச்சன் கதவை மூடி ஜன்னலைத் திறந்துவிடு, மிளகாய் கருகிப் புகை அலாரம் அடித்தால் மாடி முழுக்க இறங்கி வாசலில் நிற்கும்.) அந்தக் கிச்சனில் தொங்குகிற துண்டைத் திருப்பி லேபிளைப் பார். இந்தியா என்று இருந்தால் நம்ம ஊர்த் துண்டாகவே இருக்கலாம், கரூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கண்டெய்னரில் துண்டும் போகிறதே.

வேலை விஷயம். செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே குடோனில் ராத்திரி ஷிஃப்ட் போகிறேன் என்று கிளம்பாதே. ஒரே பேப்பரை எழுத அங்கே பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான், நம்ம அரியர் மாதிரி வருஷக்கணக்கில் இழுக்க முடியாது. பிப்ரவரிப் பரீட்சை முடியட்டும், அப்புறம் உன் துறையிலேயே பார். மார்க் வந்தால் அம்மாவிடம் நீயாகச் சொல்லிவிடாதே, என்னிடம் சொல். அங்கே 1.0 தான் முதல் மார்க், 4.0 பாஸ், அதற்குமேல் ஃபெயில் என்று விளக்கி முடிப்பதற்குள் 1.3 வாங்கினாளாம் என்று அப்பாயிக்குச் செய்தி போய் ஒப்பாரி கிளம்பிவிடும்.

ஒரு சனிக்கிழமை ஹாம் என்கிற ஊருக்குப் போய்விட்டு வா. உன் செமஸ்டர் டிக்கெட்டிலேயே போகலாம், டார்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான், அங்கிருந்து உவென்ட்ராப் பக்கம் பஸ். தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரத்தோடு காமாட்சி அம்மன் கோயில் நிற்கிறது. 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. இலங்கையில் சண்டை மூண்டு, கையில் பையோடு ஓடி வந்த தமிழர்கள் கட்டியது. உனக்காவது விசா, இன்சூரன்ஸ், பூட்டிய பணம் எல்லாம் இருந்தது. அவர்களில் பலருக்கு வந்த நாளில் அதெல்லாம் எதுவும் இல்லை. போனால் சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாதே, அங்கே இருக்கிற அம்மாக்கள் யாரிடமாவது பேச்சுக் கொடு. கருவேப்பிலை எங்கே மலிவு, எந்தக் கடையில் நல்லெண்ணெய் நல்லது என்பதில் ஆரம்பித்து எல்லாம் சொல்வார்கள். அவர்கள் தமிழ் முதலில் கொஞ்சம் பிடிபடாது, பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு நமக்கும் உனக்கும் நாலரை மணி வித்தியாசம். இப்போது கூப்பிடுகிற கணக்கில் கூப்பிட்டால் இங்கே பதினொன்று ஆகிவிடும், அம்மா தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஆகவே ஒரு மணி நேரம் முன்னாடியே கூப்பிடு.

சனிக்கிழமை ஷூ வாங்கிவிட்டு பில்லை போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை யூரோ என்று மட்டும் எழுது, ரூபாயில் எவ்வளவு என்று அம்மா கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா