வடகடல் தெளிந்துவிட்டது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ராமநாதபுரம் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டாள், நீ சொன்னால்தான் கேட்பாள். தம்பிக்கு அடுத்த வாரம் செமஸ்டர் பரீட்சை. போனில் கூப்பிட்டால் "எல்லாம் ஓகேப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் படித்துவிடுவான். தபாலிலேயே போடுகிறேன்.

வடகடல் தெளிந்துவிட்டது. வாடைக்காற்று ஓய்ந்து பாக் விரிகுடாவில் அடி தெரிகிறது. பக்கிரி மாமா இரண்டு தடவை கேட்டுவிட்டார், "மாசியில வந்து கடற்புல் சாம்பிள் எடுக்கிறேன்னு சொல்லுச்சு, பிள்ளையக் காணோமே" என்று. "டேட்டா போதும்னு சொல்லிருச்சு மாமா" என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே இடத்தில் எல்லாப் பருவத்திலும் எடுக்க வேண்டும், அதையும் இரண்டு வருடம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடற்புல் குறைந்ததா, பருவத்துக்கு அடங்கியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது என்று போன வருடம் எனக்குப் பாடம் எடுத்தது நீதான். நானும் முப்பது வருடத்துக்கு மேல் இங்குள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தில் படகில் போய் வந்தவன். டேட்டா போதும் என்று சொன்ன ஆராய்ச்சி மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேப்பரில் படிக்கிறேன். பல ஊர்களில் ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடக்கிறதாம். உனக்கு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறாய். சரி. வராவிட்டாலும் அது உன் குற்றம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 31,000-த்திலிருந்து 37,000 ஆயிற்று, முதுநிலை எஸ்ஆர்எஃப் 42,000 ஆயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆணையில் தொகை கூடுவது வேறு, வங்கிக் கணக்கில் விழுவது வேறு. எங்கள் நிலையத்துக்கு வந்த பிள்ளைகளிடம் நான் கண்டது இதுதான்: முக்கால்வாசி நேரம் பணம் டெல்லியில் நிற்பதில்லை. மாதாமாதம் "இவர் வேலையில் இருக்கிறார்" என்று உறுதிசெய்ய வேண்டிய கிளார்க் லீவில் இருப்பார். இரண்டு வருடம் முடிந்து எஸ்ஆர்எஃப் ஆக்குவதற்கு வெளியாள் ஒருவரோடு சேர்த்து மூன்று பேர் குழு கூட வேண்டும், அந்த வெளியாளுக்குத் தேதி ஒத்துவராது. அல்லது போன வருடத்துச் செலவுச் சான்றிதழில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். எதுவாக இருந்தாலும் நேரில் போய் நில். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் எடுத்து, அதில் தேதி போட்டு முத்திரை வாங்கு. வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை, முத்திரைக்குத்தான் மதிப்பு. இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு விஷயமும் உனக்குத் தெரிந்ததுதான். உதவித்தொகை வாங்குகிறவர் வெளியில் வேறு சம்பளம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

நிலையத்தில் இப்போது ஓர் இளம் விஞ்ஞானி இருக்கிறார், நல்ல பையன், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவரோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். நீ அறிந்ததாகவே இருக்கலாம். இருந்தாலும் படி.

கடல்பசுவை விடாதே. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நீ குனிந்து எண்ணுகிற புல்லைத்தான் அது மேய்கிறது. டேராடூன் வனவிலங்கு நிறுவனம் காம்பா என்கிற காடு வளர்ப்பு நிதியில் கடல்பசு மீட்புத் திட்டம் நடத்தியபோது அவர்களுடைய பிள்ளைகள் இந்தக் கரையில் தங்கி வேலை பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரித் திட்டங்களில் களம் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. இங்கிலாந்தில் ரஃபோர்டு என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. சில ஆயிரம் பவுண்டு தருவார்கள். ஆனால் ஆய்வுக்காக ஆய்வு என்று எழுதினால் தரமாட்டார்கள், அதனால் எந்த உயிர் பிழைக்கும் என்று கேட்பார்கள். மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும். உன் வழிகாட்டி ஒருவர், நிலையத்து விஞ்ஞானித் தம்பி ஒருவர் என்று வைத்தால் இன்னும் ஒருவர்தான் வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்பதால் எஃப்சிஆர்ஏ விதி குறுக்கே வரும், பல்கலைக்கழக அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பட்ஜெட் எழுதும்போது எல்லோரும் கருவிக்கு எழுதுவார்கள், ரசாயனத்துக்கு எழுதுவார்கள், படகை மறந்துவிடுவார்கள். டீசல், படகோட்டி கூலி, கூட இறங்குகிறவருக்குக் கூலி, ஐஸ், காற்று திரும்பிக் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் நாளுக்குச் சாப்பாடு, எல்லாம் எழுது. டெல்லியில் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கடலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பணம் சாங்ஷன் ஆகி ஐப்பசி கார்த்திகையில் வந்து சேரும், அப்போது வடகடலில் வாடை அடித்துச் சேறாகக் கிடக்கும். தை பிறந்து கடல் அடங்கத் தொடங்கும்போது மார்ச் 31-க்குள் செலவைக் காட்டு என்று கடிதம் வரும். என் காலத்தில் மார்ச் கடைசி வாரத்தில் ஒரு வருடத்துக்கான கண்ணாடிக் குப்பிகளை மொத்தமாக வாங்கி ஸ்டோரில் அடுக்கியிருக்கிறோம். அப்புறம் ஏப்ரலில், கடல் தெளிந்து கிடக்கும்போது, டீசலுக்குக் காசு இருக்காது. விஞ்ஞானிகள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எந்தத் திட்டத்துக்கு எழுதினாலும் வடகடலுக்கு எந்த மாதம், மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலுக்கு எந்த மாதம் என்று ஓர் அட்டவணை போட்டுவிடு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தென்கடலில் இறங்க முடியாது என்று டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் சொல்வார்கள்? நீதான் சொல்ல வேண்டும்.

வெளியூர் வாய்ப்பும் எழுதி வைத்திருக்கிறேன். போகோ என்று கடல் ஆராய்ச்சி நிலையங்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதுவும் ஸ்கோர் என்கிற கடல் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளை ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கற்றுக்கொள்ள வைக்கின்றன. அங்கே இருக்கிற ஒருவர் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதித் தர வேண்டும். வண்டலில் கார்பன் அளக்கிற கூடம் எது என்று பார்த்து இப்போதே மெயில் போடு. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் பிஎச்டிக்குப் பதிவு செய்தவர்கள் ஆறிலிருந்து ஒன்பது மாதம் அமெரிக்கா போய் வரலாம். படிப்பை முடித்த பிறகு என்றால் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற மத்திய அரசு அமைப்பு ஏ.என்.ஆர்.எஃப். இருக்கிறது, முன்பு செர்ப் என்றார்களே அதுதான். தேசிய முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு இன்னும் ஐந்து வருடம் கூட்டித் தருகிறார்கள். அதனால் வயது போய்விட்டது என்று இந்த வீட்டில் யாரும் பேச வேண்டியதில்லை. கல்யாணம், பிள்ளை என்று இடையில் விட்டவர்களைத் திரும்ப ஆராய்ச்சிக்குக் கூப்பிடவும் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் வைஸ்-கிரண் என்று ஒன்று இருக்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியானால் கல்யாணத்தை முதலில் முடித்துவிடலாமே என்கிறாள். அவளிடம் எதைக் கொண்டுபோனாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

நீ கோபப்பட்டாலும் சொல்கிறேன், எனக்கு ஓர் ஆதங்கம். ஆழ்கடல் இயக்கத்துக்கு 2021-இல் 4,077 கோடி ஒதுக்கினார்கள். மத்ஸ்யா 6000 என்று மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் ஆழம் போகிற வாகனம் உன் ஊர்ப் பள்ளிக்கரணையில் தயாராகிறது. போகட்டும், பெருமைதான். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் ஆயிரம் குடும்பத்துக்கு மீனும் நண்டும் தருகிற புல்லை அளக்கப் போன பிள்ளைக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க என்ன கேடு? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

இந்த மாதமும் தம்பி கணக்கில் மூவாயிரம் போட்டிருக்கிறாய். அவன் வந்து காட்டினான். அக்கா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் எதிரிலேயே சொன்னேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. எங்கிருந்து பாப்பா? செல்லம்மா அக்கா மகன் போன வாரம் ஊருக்கு வந்திருந்தான். ராத்திரி ஒன்பதரை மணிக்கு உன்னை நீட் கோச்சிங் சென்டர் வாசலில் பார்த்தானாம், கையில் விடைத்தாள் கட்டு இருந்ததாம். வேறு யாராவதாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா காதில் இது விழவில்லை. பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, நீ சொல்லிக்கொடுத்தால் கல்லுக்கும் புரியும். ஆனால் விதி இருக்கிறது. பகல் முழுக்க மைக்ராஸ்கோப், ராத்திரி ஒன்பதரை வரை சாக்பீஸ் என்றால் தீசிஸ் எப்போது எழுதுவாய்? சாப்பிடுவது எப்போது? போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய்.

தம்பிக்கு இனி பணம் அனுப்பாதே. அவன் ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், பென்ஷன் வருகிறது. நீ முதல் மார்க் வாங்கி மெடலோடு வந்தபோது அந்த நிலையத்து வாசலில் விஞ்ஞானிகள் எல்லோரும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படகில் கயிறு பிடித்தவன் கையை. அதற்கே நீ எனக்கு ஆயுசுக்கும் அனுப்பியாயிற்று. இனி அனுப்பினால் கோபம்தான் வரும்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் ஆரம்பிக்கிறது. 61 நாள் விசைப்படகு ஓடாது, அடியைக் கலக்க ஒரு மடிவலையும் கிடையாது. கடற்புல் பார்க்க வருடத்தில் இதைவிட நல்ல நேரம் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். பக்கிரி மாமாவிடம் பேசிவிட்டேன். அவர் வத்தைப் படகை எடுப்பார், கூலி வேண்டாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் ஒத்துக்கொள்ளாதே. டீசல் என் பொறுப்பு. உனக்கு ரோஷம் வந்தால் நோட்டில் கடன் என்று எழுதிக்கொள், தொகை மொத்தமாக விழும்போது திருப்பிக் கொடு. வாங்கிக்கொள்கிறேன். புல் எண்ணுகிற பிவிசி குவாட்ரட் சட்டத்தை உரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், ஒரு மூலை விட்டுப்போயிருந்தது, புது எல்போ போட்டு ஒட்டியாயிற்று. ஐஸ் பெட்டியை நிலையத்துத் தம்பி தருகிறேன் என்றார். உறை, லேபிள், ஃபார்மலின் மட்டும் நீ கொண்டுவா.

பதினாறாம் தேதி சாயங்காலம் சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் மண்டபத்தில் இறங்கிவிடலாம். லீவு கிடைக்காவிட்டால் அந்தக் கோச்சிங்... சரி, எந்த இடத்தில் லீவு கேட்க வேண்டுமோ அங்கே கேள். டிக்கெட் எடுத்ததும் தம்பிக்கு வேண்டாம், எனக்கு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நகல் எடுத்து முத்திரை வாங்க மறக்காதே. எஸ்ஆர்எஃப் குழுவுக்கான கடிதத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூட ஐந்நூறு ரூபாய் வைக்கலாம் என்று பார்த்தேன், தபாலில் காசு வைக்கக் கூடாது என்கிறார்கள், அதனால் உன் பழைய இந்தியன் பேங்க் கணக்கில் இரண்டாயிரம் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே.