கூப்பிட்டால் ஏன் வருவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர், தனியார் மருத்துவமனை நர்சுகள் சிடுசிடுவென்று பேசுகிறார்கள், கூப்பிட்டால் வருவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் எழுதியது உண்மைதான். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது இருப்பது நாற்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. நைட் டூட்டி என்றால் இரவு எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் எடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வார்டில் 22 பேர் படுத்திருப்பார்கள். பார்ப்பதற்கு நானும், படிப்பு முடித்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணும்.

போன ஆடியில் ஒரு நாள், இரவு இரண்டு மணி இருக்கும். சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்துக் கிடந்த ஓர் அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவே இல்லை. எதிர்க் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த தாத்தா "சிஸ்டர், சிஸ்டர்" என்று நாலைந்து தடவை கூப்பிட்டார். "கொஞ்சம் சும்மா இருங்க, ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்கிறது?" என்று கத்திவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் போனால், சிறுநீர் போக முடியாமல் அடிவயிறு உப்பி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருக்கிறார். டாக்டருக்கு போன் போட்டு, டியூப் வைத்த பிறகுதான் வலி அடங்கியது. காலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவாயில்லம்மா, நீயும் தூங்காமதானே நிக்கிற" என்றார். இன்றுவரை அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகும்போது அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. எங்களுக்கு 22-க்கு இரண்டு.

அந்த இரண்டு பேரும் நோயாளி பக்கத்திலேயே இருந்தாலாவது சரி. பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் போகிறது. பஞ்சு, ஊசி, கையுறை எல்லாவற்றையும் நாங்கள்தான் பில்லில் ஏற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். காப்பீட்டுக் காகிதங்கள், டிஸ்சார்ஜ் ஃபைல், பார்மசிக்கு ஓடுவது எல்லாமும் எங்கள் தலையில்தான். இதற்கிடையே கூப்பிடுகிறவரிடம் உடனே போவது எப்படி?

சம்பளம் 15,500. உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2018-ல் அந்தத் தொகையைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தார்கள். இங்கே கேட்டால், "பிடிக்கலைன்னா போ, வெளியே நூறு பேர் நிக்கிறாங்க" என்கிறார்கள். எப்படிப் போவது? ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன.

அரசு வேலைக்குப் போகலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். 2015-ல் தேர்வெழுதிப் போனவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்ததை இந்த ஊரே டி.வி.யில் பார்த்தது.

கடிதம் எழுதிய ஐயாவிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாரையாவது அட்மிட் செய்தால், ராத்திரி இந்த வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை சிஸ்டர் என்று மேனேஜரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். நாங்கள் கேட்டால் மறுநாள் டூட்டி மாறிவிடும். பணம் கட்டுகிற நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
திண்டுக்கல் மாவட்டம்.