தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பும் ஒற்றை வார்த்தைப் பதில்களை வைத்து நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டாரோடு ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பழைய கிராமத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். 1891-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்று இதே மாதிரி ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்த பிறகுதான் இந்த வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியதாம். வீடுகளை வேகமாகப் பார்த்துவிட்டோம். நான் நகராமல் நின்றது இரும்பு உலைக்குப் பக்கத்தில்தான்.

ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலை. மேலே கரியும் வறுத்த தாதும் மாறி மாறிக் கொட்டுகிறார்கள், கீழே துருத்தி ஊதுகிறது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். இந்த உலையில் 1200 சுமாருக்குத்தான் வரும். அதனால் கசடு மட்டும் உருகி வழிகிறது. இரும்பு உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சு போல ஓட்டை ஓட்டையான கட்டியாகிறது. அதைச் சூட்டோடு சம்மட்டியால் அடித்து, உள்ளே மிச்சமிருக்கும் கசடை வெளியேற்ற வேண்டும். நீ இருந்திருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பாய். வேதியியலில் நீதானே வகுப்பில் முதல்.

துருத்தி நின்றால் சூடு இறங்கிவிடும். மணிக்கணக்கில் ஆள் மாற்றி ஆள் ஊதுகிறார்கள். முகமெல்லாம் கரியாக ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், "கை விட்டுப்போச்சு" என்றான். பக்கத்திலிருந்தவர் உடனே கைப்பிடியை வாங்கிக்கொண்டார். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போய்த் தண்ணீர் குடித்தான். அதிலிருந்து எனக்கு உன் ஞாபகம்தான்.

வேலையைப் பற்றிக் கேட்க மாட்டேன். அக்கா ஏதோ சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. உன் முதல் சம்பளத்துக் கைக்கடிகாரத்தை அப்பா குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார். வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் எங்களோடு ரெண்டு நிமிஷம் பேச முடியவில்லை. போகட்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் அறை உனக்குத்தான். சாப்பிடு, தூங்கு. ஒருவனாகவே ஊதிக்கொண்டிருக்காதே.

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. கூப்பிட்டால் முதலில் அவரோடு பேசு.

அம்மா