சப்பாத்துக் கதை

அன்புள்ள ராசன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் கடல்தான் காரணம். நீரோட்டம் போன கிழமைதான் அடங்கியது. கடலடியில் கிடக்கிற பழைய போர்க்கப்பல் ஹெர்மிஸுக்கு மறுபடி இறங்கிவிட்டு வந்தேன்.

பதினைந்து வருடமாக நான் சொல்லிவரும் சப்பாத்துக் கதை உனக்கு மனப்பாடம். பீரங்கிக்குப் பக்கத்து ஏணியில், யாரோ கழற்றி வைத்ததுபோல ஒற்றைச் சப்பாத்து. அது சப்பாத்து இல்லையடா. கடற்பஞ்சு.

அன்று வெறும் காற்றோடுதான் போனேன். மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிற கப்பல் அது. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம். காற்றிலுள்ள நைதரசனே கள்ளைப்போலத் தலைக்கேறிவிடும். அழுத்தமானியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரிந்தது; அது போதுமா, போதாதா என்பதுதான் விளங்கவில்லை. அதற்கும் சிரித்தேன். அந்தத் தலை கண்டதுதான் சப்பாத்து.

இம்முறை காற்றுக்குப் பதில் ட்ரைமிக்ஸ் என்ற வாயுக் கலவை. ஒட்சிசன் 18 வீதம், ஈலியம் 45 வீதம், மிச்சம் நைதரசன். இருபது மீற்றரில் நிற்பதுபோலப் புத்தி தெளிவாக இருந்தது. விளக்கைக் கிட்டப் பிடித்தேன். கால் நுழைகிற வாய் என்று நான் நம்பியிருந்த துளையிலிருந்து ஓர் இறால் மீசையை நீட்டியது.

அடியில் இருபத்தைந்து நிமிடம். மேலே வர முக்கால் மணி நேரம். 21 மீற்றரில் வாயுவை மாற்றி, 6 மீற்றரில் தனி ஒட்சிசனைச் சுவாசித்தபடி கயிற்றில் தொங்கினேன். அங்கே யோசிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, இந்த விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எதிர்த்துப் பறக்க ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான் ஒரு சப்பாத்தை இட்டுக்கட்டி, விருந்துகளில் கதையாக விற்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பித்தளைத் துண்டு ஒன்று கேட்டிருந்தாய். கொண்டு வரமாட்டேன். மயானத்திலிருந்து யாராவது எடுப்பார்களா?

அந்தக் கதையை உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொன்னதாக எழுதியிருந்தாய். என் பெயரைச் சொல்லியே திருத்திவிடு. படம் அனுப்பியிருக்கிறேன், வலது மூலையில் பார். கயிறு கட்டும் துளைகள்கூட இருப்பதுபோல எனக்கு இன்னும் தெரிகிறது.

அன்புடன்,
சிவா