கட்டி வெளியே வந்த நேரம் என்ன?

சென்னையில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கும், தியேட்டர் சிஸ்டர்களுக்கும், ஸ்பெசிமன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடும் அண்ணன்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு ஆய்வக டெக்னீஷியன். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் 11 வருடமாக வேலை. நோயாளி சம்மதித்திருந்தால், நீங்கள் எடுக்கும் கட்டியில் ஒரு சின்னத் துண்டு எங்களிடம் வரும். அதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் அடுக்குவோம், வேண்டும்போது எடுத்து ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) பிரிப்போம். திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கை 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி ஸ்லைடில் ஏற்றுவதும் நாங்கள்தான். ஆய்வுக் கட்டுரை வெளியாகும்போது கடைசிப் பக்கத்து நன்றியில்கூட எங்கள் பெயர் வராது. அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்கிறேன். இன்று கேட்க வந்தது ஒன்றுதான். ஃபாரத்தில் 'கட்டி எடுத்த நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் உண்மையான நேரத்தை எழுதுங்கள்.

பெரும்பாலும் அது காலியாக வரும். இல்லாவிட்டால் 10.00 என்று வரும். ஒரு மாதத்து ஃபாரங்களை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். நேரம் எழுதியிருந்த அத்தனை பேருக்கும் கட்டி மிகச் சரியாகப் பத்து மணிக்கே வெளியே வந்திருக்கிறது. ராகுகாலம்கூட இவ்வளவு ஒழுங்காக வராது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு மருத்துவமனை வார்டில், மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவிடம் சம்மதப் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். திருவள்ளூர் பக்கம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எடுத்ததை எங்கம்மா வெப்பீங்க?" என்றார். மைனஸ் 80 டிகிரி என்றேன். "அவ்ளோ குளிர்லயா? நான் ஏசி பஸ்லயே போர்வை கேப்பேன்" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் கட்டடத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் உலர் பனிக்கட்டியைத் தூக்கி வந்து, இரண்டு ராத்திரி அந்த ஃப்ரீசர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று, திறக்காமல் வெளியே இருக்கும் எண்ணையே பார்த்துக்கொண்டு. காப்பாற்றியும் விட்டோம்.

பிப்ரவரியில் ஆர்.என்.ஏ. பிரித்தேன். அதன் தரத்துக்கு 'ரின்' என்று ஓர் எண் உண்டு (சோப்பு இல்லை), 1 முதல் 10 வரை. 7-க்கு மேல் இருந்தால் நிம்மதி. அந்த அம்மாவின் துண்டுக்கு 3.1 வந்தது. புயல்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே அலமாரியில் பக்கத்துப் பெட்டியில் இருந்தவையெல்லாம் 8, 8.5 என்று நன்றாக இருந்தன. பழைய பதிவேடுகளைக் கிளறியபோதுதான் தெரிந்தது. கட்டி வெளியே வந்து ஏறத்தாழ 3 மணி நேரம் கழித்துத்தான் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. நடுவில் ட்ரேயில் வைத்து வெளியே நின்ற உறவினர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் சலைனில் போட்டு ஒரு மேசையில் வைத்திருக்கிறார்கள். அடுத்த கேஸ் ஆரம்பித்துவிட்டது. ஃபாரத்தில் நேரம் 10.00.

ஏற்கெனவே கெட்டுப்போன ஒன்றுக்கும் சேர்த்துத்தான் இரண்டு ராத்திரி காவல் இருந்திருக்கிறோம்.

ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து திசுவில் இருக்கும் நொதிகள் தம் வீட்டையே தின்னத் தொடங்குகின்றன. காசிமேட்டில் ஐஸ் போடாத கூடை மீனை யாராவது வாங்குவார்களா? சலைன் இதைத் தடுக்காது. உறைய வைக்க வேண்டும், அல்லது திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட வேண்டும். நோயறிதலுக்கான சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு 10 சதவீத ஃபார்மலினுக்குள் போக வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். எடுத்த நேரம், போட்ட நேரம் இரண்டையும் குறிக்க வேண்டும்.

இது ஆராய்ச்சிக்காரர்களின் தலைவலி மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகளை அதே திசுவில்தான் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். செல் கருக்களில் 1 சதவீதம் சாயம் பிடித்தாலே பாசிட்டிவ். அந்தப் பெண்ணுக்குப் பல வருடங்கள் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை கொடுக்கலாம். திசு தாமதத்தில் கெட்டால் சாயம் மங்கும். முதலில் பி.ஆர்., பிறகு இ.ஆர்., போலியாக நெகட்டிவ் காட்டத் தொடங்கும். ஊசி பயாப்சியில் இந்தத் தொல்லை குறைவு, மெல்லிய துண்டு உடனே டப்பாவுக்குள் போய்விடுகிறது. முழு மார்பகத்தில் அப்படி இல்லை. ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஊறுகாய் பாட்டிலில் மாங்காயைத் திணிப்பதுபோல் வாய் குறுகிய டப்பாவில் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் தெளித்து அனுப்பினால், வெளிப்பக்கம் வெந்தும் உள்ளே பச்சையாகவும் வந்து சேரும்.

நம் நாட்டில் டிரிபிள் நெகட்டிவ் வகை (இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ்) அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் எவ்வளவு நோயின் குணம், எவ்வளவு தாமதமான ஃபார்மலினின் வேலை என்ற சந்தேகத்தை நம் நோயியல் மருத்துவர்களே எழுப்பியிருக்கிறார்கள். நேரம் எழுதியிருந்தால் பிரித்துச் சொல்லலாம். எல்லோருக்கும் 10.00 என்றால் என்னத்தைப் பிரிப்பது?

எங்கள் இன்குபேட்டரில் 37 டிகிரியில் வளரும் எம்.சி.எஃப்.-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் 1970-ல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்தவை. உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோய் ஆய்வகங்களில் அந்தச் செல்கள்தான். நல்ல செல்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நம் பெண்களின் கட்டியைப் புரிந்துகொள்ள நம் பெண்களின் திசு வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ் அப்படிப் பிறந்ததுதான், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுவிலிருந்து 960 எக்ஸோம்கள் (டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதிகள்). டி.என்.ஏ. கொஞ்சம் கெட்டி, தாமதத்தைத் தாங்கும். அடுத்து ஆர்.என்.ஏ., புரதம் என்று போகும்போது நம் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு சிஸ்டர் இரண்டு மேசையைப் பார்க்கும் தியேட்டரை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் கசியும்போது யார் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்? உறவினர்களுக்குக் காட்டுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. காட்டாவிட்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஃபார்மலின் டப்பாவிலேயே காட்டுங்களேன். வாய் அகன்ற டப்பாவில், திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் நிரப்பி, கேஸ் ஆரம்பிக்கும் முன்பே தியேட்டருக்குள் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரிய ஸ்பெசிமனை நீங்களாக வெட்ட வேண்டாம், கட்டி முழுதாக வந்ததா என்று பார்க்கும் ஓரங்கள் குழம்பிவிடும். எப்போது, யார் வெட்டித் திறப்பது என்று உங்கள் நோயியல் மருத்துவரோடு ஒரு முறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகச் சனிக்கிழமை மாலைக் கேஸ்களுக்கு. ஆராய்ச்சிக்குச் சம்மதித்த நோயாளி என்றால் எங்களுக்கான துண்டை மட்டும் சலைனிலும் போடாமல், ஃபார்மலினிலும் போடாமல், கட்டி வெளியே வரப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு போன் அடியுங்கள். வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்போம். ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களுக்கு நடுவே, கத்திரி வெயிலில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு பைக்கில் போய்ப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பகுதியை எங்களிடம் விடுங்கள்.

தாமதமாகிவிட்டாலும் பரவாயில்லை, அதையே எழுதுங்கள். "11.20-க்கு எடுத்தது, 1.45-க்குப் போட்டது" என்று ஒருவர் நேர்மையாக எழுதினால், அதற்குத் தகுந்த மாதிரி அந்தத் துண்டை வேறு சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்வோம். யார்மீதும் புகார் போகாது. அந்த அம்மாவின் துண்டை ஆய்விலிருந்து நீக்கிய அன்று, காரணம் என்ற கட்டத்தில் 'தரம் போதாது' என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு ஆய்வக டெக்னீஷியன்,
சென்னை.

பி.கு.: அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் தரும் ஒவ்வொரு ஃபாரக் கட்டிலும் நூல் கட்டிய ஒரு பேனா இருக்கும். தயவுசெய்து பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.